உப்புக்காற்றைத் தாங்கும் தகடு

அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் கடைசிக் காலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். முகமூடிக் கண்ணாடி வழியாக வெளிச்சப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் அந்த இன்ஜின் சத்தம் காதுக்குப் பழகியது. பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் பெரிய மனிதரைப்போல ஒரு செருமல், பிறகு சீரான உறுமல். அவள் வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டு முகமூடியைத் தூக்கினாள்.

அடர் பச்சைக் கார். உருண்டை விளக்குகள். பெரிய பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அவளும் அவள் கணவனும் மழை மாதங்கள் முழுவதையும் அதனோடுதான் கழித்தார்கள். அவன் தகடு தட்டி வளைப்பவன். எல்லோருக்கும் டிங்கர். அவள் பற்றவைப்பவள். பட்டறையில் அவளைப் பொறி என்று கூப்பிடுவார்கள். வேலையைப் பார்த்து வைத்த பெயரா, வாயைப் பார்த்து வைத்த பெயரா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அந்தப் பட்டறையை விட்டு இருவரும் வெளியேற்றப்பட்ட பிறகு, கடற்கரைத் தெருவுக்குப் பின்பக்கம் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஜன்னல் கம்பி, இரும்பு கேட், தொட்டி ஸ்டாண்டு என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார்கள்.

காரை ஓட்டி வந்த அம்மாள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்திக்கொள்ளாமல் தொங்கியது. அறுபதைத் தாண்டியவள். கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் அந்தக் காரை வாடகைக்கு விட்டு, தானே ஓட்டிப் பிழைப்பவள். ஊரில் அவளுக்குக் கார்க்காரம்மா என்றே பெயர்.

"நீதானே அந்த வெல்டரு?"

"நான்தாம்மா."

"உன் புருஷன்தானே தகடு தட்டினது? அவரையும் கூப்பிடு. ரெண்டு பேரும் சேர்ந்து உங்க லட்சணத்தைப் பாருங்க."

கார்க்காரம்மா கையிலிருந்த சாவியைக் கதவின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். மழையில் ஊறிய அட்டையில் இறங்குவதுபோலச் சாவி பாதி வரை இறங்கியது. பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஓரிடத்தில் உடைந்து, உள்ளேயிருந்து பழுப்புத் தூள் செருப்பின்மேல் கொட்டியது.

"அந்தப் பெரிய பட்டறை முதலாளிகிட்டப் போனேன். 'அது அந்த ரெண்டு பேர் செஞ்ச கோளாறுங்க, அதுக்குத்தான் அப்பவே துரத்திட்டேன்'னு சொல்றான். துரத்திட்டா என் கார் சரியாயிடுமா?"

டிங்கர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தான். அவன் அதிகம் பேசமாட்டான். பேச வேண்டியதெல்லாம் வீட்டில் ஒருத்தி பேசிவிடுகிறாள் என்பது அவன் வாதம்.

"இந்த அடிப்பக்கத்தை அறுத்துக் காட்டட்டுமாம்மா?" என்று கேட்டாள் பொறி. "எப்படியும் குப்பைக்குப் போறதுதான்."

கார்க்காரம்மா தலையசைத்தாள். கிரைண்டர் கிறீச்சிட்டது. கையகலத் துண்டு ஒன்று கழன்று வந்தது. பொறி அதைத் தண்ணீரில் அலசி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்க பாருங்க. இது நான் பத்தவெச்சுப் போட்ட தையல். இது இன்னும் நிக்குது. சுத்தி இருக்கற தகடுதான் போயிருக்கு. தையல் நிக்குது, துணி கிழிஞ்சிருக்கும்மா. இருக்கறதிலேயே மட்டமான தகடு. உள்பக்கம் ஒரு கோட்டிங் கூட இல்ல. 'கடலோரம் ஓடற வண்டி, வேற தகடு வாங்கிக் குடுங்க'ன்னு இவரு சொன்னாரு. 'மேல பெயிண்டு அடிச்சா எல்லாத் தகடும் ஒண்ணுதான்'னு முதலாளி சொல்லிட்டாரு."

கார்க்காரம்மா அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தையலை நகத்தால் சுரண்டினாள். பிறகு கொட்டகைக்குள் போய், யாரும் சொல்லாமலே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"யார் தப்புன்னு பஞ்சாயத்து பண்ண எனக்கு நேரமில்ல. கடலோரமா புதுசா ஒரு ஓட்டல் கட்டிக்கிட்டு இருக்காங்க. விருந்தாளிங்களைக் கூட்டிட்டுப் போக, கூட்டிட்டு வர, பழைய கார்தான் வேணுமாம். வருஷம் பூரா ஓட்டம். மழைக்காலம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல, வண்டிகளைச் சோதிச்சுத்தான் எடுப்பாங்க. அதுல தேறலன்னா இதைக் காயலாங்கடைக்கு ஓட்டிட்டுப் போயிட்டு நான் நடந்து வீட்டுக்குப் போகணும். உங்களால முடியுமா, முடியாதா?"

"முடியும்," என்றாள் பொறி.

டிங்கர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம், எதைக் கொண்டு என்பதுதான்.

எதைக் கொண்டு என்ற சண்டை அன்று வீட்டில் தொடங்கி, துவைத்த துணியைக் காயப்போடும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், மறுநாள் கொட்டகையைத் திறக்கும்போதும் நடந்தது. டிங்கருக்கு அலுமினியம்தான் வேண்டும். சுத்தியலுக்கு அது பணிவதுபோல வேறெதுவும் பணியாது. துருப்பிடிக்கவும் பிடிக்காது.

"காரோட பழைய சட்டம் இரும்பு. அதுமேல அலுமினியத்தை வெச்சா ரெண்டும் ஒத்துப்போகுமா?" என்றாள் பொறி.

"நாம ஒத்துப்போகலியா."

"அதான் பார்க்கறோமே."

கார்க்காரம்மாவுக்கு வேறு யோசனை. எவர்சில்வரில் செய்துவிட்டால் என்ன? வீட்டுப் பாத்திரம் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கிறதே. "கார் செய்யணுமா, குண்டான் செய்யணுமா?" என்று டிங்கர் முணுமுணுத்தான். எவர்சில்வரை அந்த வளைவுக்குக் கொண்டுவர முயன்றால் தன் தோள்பட்டைதான் முதலில் வளையும் என்றான். பொறி துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஜிங்க் தகடு என்று தொழிலில் சொல்வார்கள். அவளுக்கு அது நினைவில்லாமல் இல்லை.

கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "நம்ம மூணு பேர் பேச்சும் வேண்டாம். கடலையே கேட்டுப் பார்ப்போம்."

காரின் சட்டத்திலிருந்து உதவாத ஓர் இரும்புப் பட்டையை அறுத்து எடுத்தார்கள். அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தகட்டைப் பாதி போல்ட்டாலும், முடிந்தவற்றில் பாதி பற்றவைத்தும் சேர்த்தார்கள். சாதாரண இரும்பு, எவர்சில்வர், அலுமினியம். கடைசியாக ஒரு துண்டு ஜிங்க் தகட்டையும் அவள் சேர்த்தாள். அதை மட்டும் கொட்டகைக்கு வெளியே, காற்று தன் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டே பொட்டாகப் பற்றவைத்து முடித்தாள். எல்லாவற்றின் மேலும் ஆணியால் ஒரு கீறல் போட்டு, படகுத்துறையில் அலை தெறிக்கும் தடுப்புக் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் இது என்ன வேண்டுதலா என்று கேட்டார்கள். "ஆமா, துருவுக்கு" என்றாள் பொறி.

மழை தொடங்கியது. கொட்டகையின் கூரையில் சத்தம் காதைப் பிளந்தது. டிங்கரால் சும்மா இருக்க முடியவில்லை. தன் பக்கம்தான் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில், மிச்சமிருந்த அலுமினியத்தில் முன்சக்கரத்தின் மட்காட்டைத் தட்ட ஆரம்பித்தான். மணல்பையின் மேல் தகட்டை வைத்து, மரச்சுத்தியலால் மெல்ல மெல்ல இறக்கி, விளிம்பைச் சுருட்டி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவி மேடுபள்ளம் பார்த்தான். முடிந்தபோது அந்த மட்காடு ஒரு பெரிய சங்கின் முதுகுபோல இருந்தது. கூரை ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் எங்கும் தடுக்காமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கார்க்காரம்மாகூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். அவள் எதையும் இரண்டாவது தடவை பார்ப்பது அபூர்வம்.

மழை ஓய்ந்ததும் போய்த் துண்டுகளை அவிழ்த்து வந்தார்கள். மேஜைமேல் பழைய துணியை விரித்து வரிசையாக வைத்தார்கள்.

சாதாரண இரும்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கையில் எடுத்தால் ஏடு ஏடாக உதிர்ந்தது. எவர்சில்வர் கண்ணாடிபோல இருந்தது. ஆனால் அதோடு சேர்த்திருந்த பட்டை, போல்ட்டைச் சுற்றி அரித்து, ஓட்டை பெரிதாகி, தகடு லொடலொடவென்று ஆடியது.

"தான் மட்டும் பளபளன்னு இருந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கறவனைத் தின்னுடுச்சு," என்றாள் பொறி.

"நம்ம பழைய முதலாளி மாதிரி," என்றான் டிங்கர்.

அலுமினியத்தை அவனேதான் எடுத்தான். மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கட்டைவிரலால் துடைத்தான். அடியில் அம்மைத்தழும்புபோலக் குழி குழியாக இருந்தது. இன்னொரு முறை துடைத்துப் பார்த்தான். குழி போகவில்லை. துண்டைப் பழையபடி துணிமேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடையில் ரப்பர் வைத்துத் தடுக்கலாம், இரும்பைத் தொடாமல் செய்யலாம். ஆனால் கல்லிலும் குழியிலும் வருஷக்கணக்கில் குலுங்கும் வண்டியில் எந்த ரப்பர் நிற்கும் என்பது அவனுக்கே தெரியும். பொறி அவனைக் கூப்பிடவில்லை.

ஜிங்க் தகடு மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அழகு சொல்ல முடியாது. ஆனால் துருவில்லை. ஆணிக் கீறலில்கூடத் துரு ஏறவில்லை. சுற்றியிருந்த பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கரைத்துக்கொண்டு, கீறலில் தெரிந்த இரும்பைக் காப்பாற்றியிருந்தது. அவள் பொட்டு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும், சூட்டில் பூச்சு எரிந்துபோன ஒரு மெல்லிய வளையத்தில், பழுப்பு தெரிந்தது.

கார்க்காரம்மா கைதட்டாத குறைதான். "அப்புறம் என்ன? இதுலயே செஞ்சுடுங்க."

"மாட்டோம்," என்றான் வாசலில் நின்றவன்.

அவன் குரல் உயர்ந்து கேட்டு இருவருக்கும் பழக்கமில்லை. உள்ளே வந்தான்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. அந்தப் பட்டறையில இவ ஒரு தடவை ஜிங்க் பைப்பைப் பத்தவெச்சா. மூடின ரூம்ல, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். வீட்டுக்கு வந்து உக்காந்தா, வாயெல்லாம் இனிக்குதுன்னா. அப்புறம் குளிர் பாருங்க, கட்டிலே ஆடுது. நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்கறா. மூணு போர்வை போத்தி மேல நான் படுத்துக்கிட்டேன். வெள்ளைப் புகை அது. மறுநாள் வேலைக்குப் போகல. அதுக்கு லீவு சம்பளம் கிடையாதுன்னாரு முதலாளி. இந்தத் தகட்டுல முழுக் கார் செய்யறதுன்னா தினமும் அந்தப் புகையைக் குடிக்கணும். காருக்கு நல்லது. இவளுக்கு?"

கார்க்காரம்மா பொறியைப் பார்த்தாள். பொறி ஜிங்க் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்றது நிஜம்தான். ஆனா தகடு இதுதாம்மா," என்றாள். "புகையை என்ன பண்றதுன்னுதான் தெரியல."

கார்க்காரம்மா எழுந்து, கதவு தொங்கும் காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், ஆள் காயலாங்கடைக்குப் போய்விட்டாள் என்று டிங்கர் நினைத்தான். மறுநாள் திரும்பி வந்தபோது பின்சீட்டில் பாதி ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி இருந்தது. மூடிப்போன ஒரு சலவைக்கடையின் சுவரிலிருந்து கழற்றியதாம். கடைக்காரன் இவளுக்கு ஒரு கல்யாண ஓட்டத்துக்குக் கடன்பட்டவன்.

"இது புகையை இழுக்குமா?"

"இழுக்கும். ஆனா முன்னால ஒரு கூடு வேணும். இல்லன்னா எல்லாப் பக்கக் காத்தையும் இழுத்துட்டுப் புகையை மட்டும் விட்டுடும்," என்றாள் பொறி. "நல்லா வளைஞ்ச கூடு. லேசா இருக்கணும், இழுத்து இழுத்து நகர்த்தற மாதிரி."

டிங்கர் சுவரைப் பார்த்தான். அலுமினிய மட்காடு அங்கேதான் மாட்டியிருந்தது. அவன் அதை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவினான். பிறகு மேலே விசிறிக்குப் போகும் குழாய்க்கு வட்டம் வரைந்து, கத்தரியை எடுத்தான்.

முதல் தடவை புகை பக்கவாட்டில் வழிந்தது. கூட்டைத் தாழ்த்தினார்கள். விளிம்பில் கான்வாஸ் துணியைத் தொங்கவிட்டார்கள். அடுத்து, பற்றவைக்கும் விளிம்பில் இருந்த துத்தநாகத்தை அவள் முதலிலேயே தேய்த்து எடுத்துவிட்டாள். எரிய அது இருந்தால்தானே புகை. பிறகு மூக்கு மூடி போட்டுக்கொண்டு ஒரு சாண் நீளம் பற்றவைத்தாள். வெள்ளைப் புகை எழும்பி, தலைநிமிர்ந்து பார்த்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டுக்குள் போயிற்று.

அன்று சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காய்ச்சலுக்குக் காத்திருந்தாள். டிங்கர் போர்வைகளை எடுத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான்.

"குளிருதா?"

"இல்ல."

"வாய் இனிக்குதா?"

"நீங்க பேசறது வேணா இனிக்குது."

"விளையாடாத. நெஞ்சு?"

அவள் நன்றாக மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். இன்னொரு முறை இழுத்து விட்டாள். பிறகு போர்வைகளைத் தூக்கி அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

அதன்பிறகு வேலை ஓடியது. கதவுகளின் அடிப்பக்கம், சக்கர வளைவுகள், கால் வைக்கும் பலகையின் அடி, மட்காடுகள் எல்லாம் ஜிங்க் தகட்டில் எழும்பின. டிங்கர் மறுபடியும் கண்ணை மூடித் தடவ ஆரம்பித்தான். அவள் தொடர்ச்சியாக இழுக்காமல், சூடு பரவாதபடி இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டு போய்ப் பின்னால் இடைவெளிகளை நிரப்பினாள். கடல் காட்டிக்கொடுத்த அந்தப் பழுப்பு வளையத்தை அவள் மறக்கவில்லை. பூச்சு எரிந்த ஒவ்வொரு இடத்திலும், கை நுழையாத உள்பக்கங்களில்கூட, வளைந்த பிரஷ்ஷால் துத்தநாகப் பெயிண்டு அடித்தாள். அதன்மேல் மெழுகைக் காய்ச்சிப் பீய்ச்சினாள். தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் துளைகள் போட்டாள். பள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி என்று பார்த்தால் விரல்நகக் கனத்துக்குமேல் எங்கும் ஏறவில்லை. இத்தனையும் பெயிண்டு ஏறியபின் யார் கண்ணிலும் படாது. கார்க்காரம்மாவுக்கு அது மட்டும்தான் குறை. "உள்ள இவ்வளவு அழகா இருக்கறதை எப்படிக் காட்டறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காட்ட வேண்டிய நாள் வந்தது. ஓட்டலின் பின்புற மைதானத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. பெரிய பட்டறை முதலாளி மட்டும் மூன்று கார் கொண்டுவந்திருந்தார். சலவைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஓட்டல்காரர்களோடு தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பொறியையும் டிங்கரையும் பார்த்ததும், "என்ன, கேட் மாட்ட வந்தீங்களா?" என்றார். பொறி வாயைத் திறந்தாள். கார்க்காரம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோதிக்க வந்தது ஓட்டலின் இன்ஜினீயர். முப்பது வயதுப் பெண். வெயில் தொப்பி. கையில் கைக்குட்டையால் சுற்றிய ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். பெயிண்டின் பளபளப்பை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து முதலாளியின் முதல் காருடைய கதவின் அடியில் காந்தத்தை ஒட்டினாள். அது வழுக்கிக்கொண்டே வந்து புல்லில் விழுந்தது. இரண்டாவது காரில் ஒட்டவே இல்லை. மூன்றாவதிலும் அப்படியே. தகடு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பட்டி.

"அது அலுமினியம் மேடம்," என்றார் முதலாளி. "அதான் காந்தம் பிடிக்கல."

"அப்படியா. சின்னதா ஒரு கீறல் போட்டுப் பார்க்கலாமா?"

முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கீறல் போடலாமா வேண்டாமா என்று கடைசிவரை சொல்லவில்லை. பொறி டிங்கரைப் பார்த்தாள். டிங்கர் வானத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பச்சைக் காரின் முறை வந்தது. கதவின் அடியில் காந்தம் டக்கென்று ஒட்டியது. பிடுங்கிச் சக்கர வளைவில் வைத்தாள். டக். மட்காட்டின் விளிம்பில், பின்பக்கத்து மூலையில், கால்பலகையின் அடியில் என்று வைத்த இடத்திலெல்லாம் டக் டக்கென்று ஒட்டியது. கார்க்காரம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையாட்டினாள், தாளம் போடுவதுபோல. அடுத்து இன்ஜினீயர் பையிலிருந்து பாம்புபோல ஒரு மெல்லிய குழாயை எடுத்தாள். நுனியில் கேமரா. தண்ணீர் வடியும் துளை வழியாக அதைக் கதவுக்குள் விட்டு, கையடக்கத் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இருட்டில் விளக்கு பட்டு, சாம்பல் நிறப் பூச்சும் மெழுகும் மினுங்க, மீன்முதுகுச் செதில்போல ஒரே சீராகத் தையல் போய்க்கொண்டே இருந்தது.

"இந்தத் தையலைப் போட்டது யாரு?"

"நம்ம பட்டறையில வளர்ந்த பிள்ளைங்கதான் மேடம்," என்றார் முதலாளி, ஓர் அடி முன்னால் வந்து.

"வளர்ந்தவங்க இல்ல. துரத்தினவங்க," என்றாள் கார்க்காரம்மா.

"நான் போட்டது," என்றாள் பொறி. "தகடு தட்டினது இவரு."

இன்ஜினீயர் அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஜிங்க் தகடுதானே? புகைக்கு என்ன பண்ணீங்க?"

இத்தனை வருஷத் தொழிலில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பொறிக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவள் வாய் அடைத்துப்போனதைப் பார்த்த டிங்கர், வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தான். சலவைக்கடை விசிறியிலிருந்து ஆரம்பித்து, மட்காடு கூடான கதை, கான்வாஸ் துணி, போர்வைகளை அடுக்கி வைத்தது வரை சொன்னான். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கே முடிவும் சொல்லிவிட்டார்கள். பச்சைக் கார் உடனே ஓடலாம். மற்ற கார்கள் வேண்டுமானால் இதே தகட்டில், இதே முறையில், இவர்கள் கொட்டகையில் செய்து கொண்டுவரட்டும். பிறகு பார்க்கலாம்.

முதலாளி தன் டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் என்ன தப்பு செய்தான் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஏறுங்க," என்றாள் கார்க்காரம்மா.

இருவரும் தயங்கினார்கள். எத்தனையோ காரை உருவாக்கியிருக்கிறார்கள். அடியில் படுத்திருக்கிறார்கள், உள்ளே மண்டியிட்டுப் பற்றவைத்திருக்கிறார்கள். எதன் சீட்டிலும் சவாரிக்கென்று உட்கார்ந்ததில்லை. டிங்கர் பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்துச் சீட்டின்மேல் விரித்தான், உடுப்பு அழுக்கு ஒட்டாமலிருக்க. கார்க்காரம்மா திரும்பி, அதைச் சுருட்டி அவன் கையிலேயே திணித்தாள்.

"உக்காருப்பா. நீ செஞ்சது."

கடலோரச் சாலையில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. பொறி கையை வெளியே நீட்டி, கதவின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக் கையாட்டினான். டிங்கர் பதிலுக்குக் கையாட்டினான். அதன்பிறகு யார் கையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் எல்லோருக்கும் ஆட்டிக்கொண்டே வந்தான்.

அடுத்த வாரம் கொட்டகைக்கு முன்னால் மூன்று கார்கள் கட்டி இழுத்துவரப்பட்டு நின்றன. வேலை இருவர் கைக்கு அடங்காது என்று தெரிந்ததும், பழைய பட்டறையில் கூட வேலை பார்த்த கிரைண்டர் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். ஐம்பதைக் கடந்தவர். அரைப்பதும் அறுப்பதும் பற்றவைப்பதும் என்று அங்கே எதைச் சொன்னாலும் செய்தவர். அவர்கள் போன பிறகு அவர்கள் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார்.

பொறி அவரிடம் மூக்கு மூடியைக் கொடுத்து, மாட்டிவிட்டாள். விசிறியைப் போட்டு, கூட்டை இழுத்து அவர் வேலை செய்யும் இடத்துக்குமேல் வைத்தாள். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தார். தையல் ஒழுங்காகப் போனது. பாதியில் திடுமென்று நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கழற்றியபடி வாசலுக்கு ஓடினார். கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றை வாங்கினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்னண்ணே, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. மூச்சை அடக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"புகை வரும்போது அடக்கிக்கணும்ல. முடியாதப்ப வெளிய வந்து விட்டுட்டு, திரும்ப உள்ள போறது. அங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்." அவர் அதைத் தொழிலின் ஒரு நுணுக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இங்க அடக்க வேண்டாம்ணே. பாருங்க, புகை அப்படியே அந்தப் பக்கம் போகுது. தாராளமா மூச்சு விட்டுக்கிட்டே செய்யலாம்."

அவர் சிரித்துத் தலையாட்டினார். மறுபடியும் உள்ளே போய், மூடியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு குனிந்தார். வெளிச்சம் வெடித்தது. வெள்ளைப் புகை எழும்பி, அவர் முகத்தின் பக்கம்கூடத் திரும்பாமல், ஒரு நாடாவைப்போல வளைந்து கூட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. பொறி பக்கத்தில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய சட்டைக்குள் அந்த முதுகு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.